போகும்போது சரி, திரும்பும்போதுதான் தொல்லை

கேள்வி: சார், என்னிடம் இருப்பது நான்கு வருடம் பழைய ஆண்ட்ராய்டு போன். மாதம் ஒருமுறை அம்மாவைப் பரிசோதனைக்குக் காரில் அழைத்துப் போகிறேன். போகும்போது மேப் ஒழுங்காக வழி சொல்கிறது. திரும்பி வரும்போது திரை அணைந்ததும் குரல் நின்றுவிடுகிறது. தட்டிப் பார்த்தால் நீலப்புள்ளி எப்போதோ கடந்த இடத்திலேயே நிற்கிறது. செயலியை இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன், பயனில்லை. பழுது பார்ப்பவர், “ஜி.பி.எஸ். போய்விட்டது, புது போன் வாங்குங்கள்” என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள் அம்மா. ஜி.பி.எஸ். சில்லு கெட்டிருந்தால் போகும்போதும் படுத்தியிருக்கும். போகும்போதும் வரும்போதும் அதே கார், அதே சாலை, அதே போன். மாறுவது பேட்டரியின் அளவு ஒன்றுதான். காலையில் நிறைய சார்ஜ், மாலையில் கொஞ்சம். அது குறைந்ததும் சார்ஜை மிச்சப்படுத்தும் ‘பேட்டரி சேவர்’ வசதி தானாக ஆன் ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு. பல ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேவர் ஓடும்போது திரை அணைந்தால் லொக்கேஷனும் நின்றுவிடும்.

இதை அடுத்த பயணம் வரை காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை. போனை முழுதாகச் சார்ஜ் செய்து, பேட்டரி சேவரை நீங்களே ஆன் செய்து, வழிகாட்டுதலைத் தொடங்கித் திரையை அணைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். அதே தொல்லை வந்தால் திருடன் பிடிபட்டான். அப்புறம் செட்டிங்ஸில் பேட்டரி சேவர் தானாக ஆன் ஆவதை நிறுத்துங்கள். மேப் செயலியின் பேட்டரி பயன்பாட்டில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். காரில் ஒரு சார்ஜர் ஒயரும் இருக்கட்டும். அம்மாவோடு போகிற பாதையில் போன் அணைந்துபோகக் கூடாது.

நானும் ஒரு ராத்திரி இப்படித் தவித்திருக்கிறேன். பின்சீட்டில் குழந்தைகள் தூங்க, திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டோம். போனை எடுத்துப் பார்த்தால் பேட்டரி 9 சதவீதம். அன்றிலிருந்து யார் இந்தத் தொல்லையைச் சொன்னாலும், “எப்போது நடக்கிறது?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.

செயலியை நீக்கிப் போட்டது ஏன் பலிக்கவில்லை? இடத்தைக் கண்டுபிடிப்பது செயலி இல்லை, போன். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னலை வைத்து அது கணக்குப் போடுகிறது. அந்த விடையை வரைபடத்தில் காட்டுவதுதான் செயலியின் வேலை. அதனால் சந்தேகம் வந்தால் இன்னொரு மேப் செயலியையும் திறந்து பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி தடுமாறினால் குறை செயலியில் இல்லை. இன்னொன்று, நீக்கினால் ஆஃப்லைனில் இறக்கி வைத்த வரைபடங்களும் போய்விடும். மறுபடி இறக்கினீர்களா?

லொக்கேஷன் அனுமதியில் ‘துல்லியமான இடம்’ ஆன் ஆகியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் இது தனியாக வருகிறது. ஆஃப் ஆகியிருந்தால் ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கிறீர்கள் என்பது மட்டும்தான் செயலிக்குத் தெரியும். ஆனால் உங்களுக்குப் போகும்போது வழி சரியாக வருவதால் இது காரணமாக இருக்காது.

கேள்வி: நடந்து போகும்போது மேப் நான் நிற்கும் இடத்தைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் திசையைத் தலைகீழாகக் காட்டுகிறது. ஏன்?

பதில்: இடத்தைச் சொல்வது செயற்கைக்கோள், நிற்கும்போது திசையைச் சொல்வது போனுக்குள் இருக்கும் காந்தமானி என்ற திசைகாட்டி. உங்கள் போன் உறையில் காந்தப் பூட்டு இருக்கிறதா? இருந்தால் கழற்றிவிட்டு, போனைக் காற்றில் 8 போடுவதுபோல நாலைந்து முறை சுழற்றுங்கள். அவசரமென்றால் ஏதாவது ஒரு பக்கம் இருபது முப்பது அடி நடந்து, புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். அம்பை விட்டுவிட்டு அந்தப் புள்ளியை நம்பிப் போகலாம்.