26 வயதில் தட்டம்மை, வீட்டில் கர்ப்பிணி

கேள்வி: மகனுக்கு 26 வயது, மதுரையில் ஜவுளிக்கடை வேலை. நான்கு நாள் காய்ச்சலுக்குப் பிறகு நேற்று முகமெல்லாம் பொரிந்துவிட்டது. மணல்வாரிதான் (தட்டம்மை), வேப்பிலை போதும், ஆஸ்பத்திரி கூடாது என்கிறார் மாமியார். சின்னதில் ஊசி போட்டோமே? ஆறு மாதக் கர்ப்பிணியான மகளும் ஒரு வாரமாக இங்கேதான் இருக்கிறாள். (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: முதலில் மகள். தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பே தட்டம்மை தொற்றத் தொடங்கிவிடும். இப்போது தனி அறை கொடுத்தாலும், மகள் ஏற்கெனவே அந்தக் காற்றைச் சுவாசித்தாகிவிட்டது. கர்ப்பத்தில் வந்தால் நிமோனியா, குறைப்பிரசவம் வரை போகலாம். இந்த நேரத்தில் தடுப்பூசி போடக் கூடாது. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்தால் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் புரதம்) ஊசி உண்டு. ஆனால் தொற்றிய ஆறு நாளுக்குள் போட வேண்டும். நாள் ஓடிவிட்டது, இன்றே கிளம்புங்கள். போகுமுன் டாக்டருக்கு போன் செய்து "வீட்டில் தட்டம்மை" என்று சொல்லிவிடுங்கள். ஓபி கூட்டத்தில் மகள் உட்கார வேண்டாம்.

மகனுக்கு வந்திருப்பது மணல்வாரிதானா? இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு முன்னால் வந்து, காதோரத்தில் தொடங்கி உடம்புக்குத் தடிப்பு இறங்கினால் பெரும்பாலும் அதுதான். கன்னத்தின் உட்புறம் உப்புப் பரல் போல வெள்ளைப் புள்ளிகளும் தெரியலாம். நீர்க்கொப்புளம் என்றால் சின்னம்மை. டெங்குவிலும் தடிப்பு வரும் என்பதால் ரத்தம் பார்த்துவிடுவது நல்லது. அதுவரை பாராசிட்டமால் மட்டும், வேறு வலி மாத்திரை வேண்டாம்.

வேப்பிலை கட்டுங்கள், யார் தடுத்தது? ஆஸ்பத்திரி கூடாது என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 20 வயதைத் தாண்டியவர்களுக்கு நிமோனியா, மூளைக்காய்ச்சல் ஆபத்து அதிகம், ஈரலும் வீங்கலாம். மூச்சு வாங்கினால், குழப்பமாகப் பேசினால், தடிப்பு அடங்கியபின் மறுபடி காய்ச்சல் ஏறினால், ராத்திரியானாலும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பத்தியம் என்று கஞ்சியோடு நிறுத்தாதீர்கள். முட்டை, பருப்பு, இளநீர் எல்லாம் கொடுக்கலாம்.

ஊசி விஷயம்: உங்கள் மகன் பிறந்த காலத்தில் 9 மாதத்தில் ஒரே டோஸ்தான். அதில் நூற்றில் சுமார் பதினைந்து பேருக்குப் பலன் கிடைக்காமல் போகும். இரண்டாம் டோஸ் 2010-க்குப் பிறகுதான் வந்தது. 2017-இல் தமிழகப் பள்ளிகளில் போட்ட தட்டம்மை-ரூபெல்லா ஊசி 15 வயது வரைதான். அவர் அப்போதே அதைத் தாண்டியிருப்பார்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை உங்கள் வழக்கப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தடிப்பு வந்து நான்கு நாள் முடியும் முன், முதலாளியே கூப்பிட்டாலும் கடைக்கு அனுப்பாதீர்கள்.