எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்தால் அறளை பெயருமா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 46. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறார். உடற்பருமனோடு நீரிழிவும் பிரஷரும் இருப்பதால், கொழும்புக்குப் போய் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொள்ளும்படி வைத்தியர் கூறியுள்ளார். ‘வயிற்றை வெட்டினால் ஆறு மாதத்தில் அறளை பெயர்ந்துவிடும்’ என்று அயலட்டையில் சொல்வதைக் கேட்டு அவர் பின்வாங்குகிறார். இதில் உண்மை உண்டா?
– வாசகி, விசுவமடு

பதில்: அக்காவின் ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் இன்று ஊறு செய்யக்கூடியவை அவருடைய உடற்பருமனும் அதனோடு சேர்ந்த நோய்களுமே. மிகையான கொழுப்பு உடலெங்கும் மெல்லிய அழற்சியை உண்டாக்குகிறது. சீனியும் பிரஷரும் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்குகின்றன. குறட்டையோடு இரவில் மூச்சும் தடைப்படுமானால் மறுநாள் கவனம் சிதறும். எடை குறைய இவை தணிவதால், சத்திரசிகிச்சைக்குப் பின்னர் பலருடைய சிந்தனைத் திறன் மேம்படுவதையே ஆய்வுகள் காட்டுகின்றன. 2024இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று, இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட, 35 முதல் 55 வயது வரையான 133 பேரின் சிந்தனைத் திறனை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தது. அவர்களில் 40 வீதத்துக்கும் அதிகமானோரின் புள்ளிகள் 20 வீதமோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தன. ஒரே விதமான பரிசோதனையைத் திரும்பச் செய்யும்போது பழக்கத்தாலும் புள்ளி கூடும் என்பதால், புத்திக்கூர்மைக்காக எவரும் இந்தச் சிகிச்சைக்குப் புறப்பட வேண்டியதில்லை.

ஆயினும் அயலவரின் பேச்சை நான் முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலர் தடுமாறிப் போனது உண்மை. அதற்குக் காரணம் கத்தியல்ல, தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 குறைந்து போனதே. உடலில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நில்லாது. முதல் மூன்று மாதங்களில் ஒருவர் சாப்பிடுவதையெல்லாம் ஓயாமல் சத்தி எடுத்துக்கொண்டிருந்தால், அந்தச் சேமிப்பு தீர்ந்து, பார்வை இரட்டையாகத் தெரியலாம், நடை தள்ளாடலாம், பேச்சில் குழப்பம் வரலாம். இம்மூன்றும் ஒன்றாக வரும்வரை காத்திருக்கக் கூடாது. தாமதித்தால் ஞாபக இழப்பு நிரந்தரமாகிவிடலாம், உரிய நேரத்தில் தயமின் ஊசி போட்டால் பெரும்பாலும் தடுக்கலாம்.

சத்திரசிகிச்சை செய்தவர் கொழும்பில், நோயாளி விசுவமடுவில் என்பதே இங்கு நான் அஞ்சும் விடயம். சத்தியும் களைப்புமாக அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போனால் முதலில் சேலைன் ஏற்றுவார்கள். தயமின் குறைந்த உடலில் குளுக்கோஸ் கலந்த சேலைன் மட்டும் ஏறினால், எஞ்சியிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளைப் பாதிப்பு தீவிரமாகலாம். ஆகவே என்ன சத்திரசிகிச்சை, எந்தத் திகதியில் என்று எழுதிய அட்டையை அவர் கைப்பையிலேயே வைத்திருக்கட்டும். கூடப் போகிறவர், கேட்கும்வரை நில்லாமல், வாசலிலேயே அதைக் காட்டி, ‘தயமின் போட வேண்டுமா, டொக்டர்?’ என்று கேட்கட்டும்.

கேள்வி: எனக்கு இதே சத்திரசிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சுகமாக இருக்கிறேன், சைவச் சாப்பாடுதான். விற்றமின் குளிசைகளை நிறுத்தலாமா?
– வாசகர், செட்டிகுளம்

பதில்: நிறுத்த வேண்டாம். பி12 உயிர்ச்சத்தை உடல் உறிஞ்சுவதற்கு இரைப்பை சுரக்கும் ஒரு பொருள் தேவை. உங்களுக்கு இரைப்பையே சிறுத்துவிட்டது, மரக்கறியில் பி12 கிடையாது. ஈரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதால் நீங்கள் இன்று சுகமாக உணரலாம். நீரிழிவுக்கு மெட்போமின் குடிப்பவராயின் குறைபாடு இன்னும் விரைவில் வரும். பாதம் விறைத்தாலோ ஞாபகமறதி கூடினாலோ வயதின் மேல் பழியைப் போடாமல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.