கடனில் கட்டிய பணம் அவசரத்துக்குத் திரும்பி வராது

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் 2023-ல் ஃப்ளாட் வாங்கினேன். ஒரு வீட்டுவசதிக் கடன் நிறுவனத்தில் 35 லட்சம் கடன், 20 ஆண்டு, மாறும் வட்டி. வாங்கியபோது 8.5 சதவீதம், இன்றும் அதுதான். இ.எம்.ஐ. 30,374 ரூபாய். தனியார் பம்ப் கம்பெனியில் எனக்கு 72,000 சம்பளம்; மனைவி பள்ளி ஆசிரியை, 16,000. வீட்டுச் செலவு 30,000 ஆகிறது. இரண்டு பிள்ளைகள். 70 வயது அப்பா எங்களோடு இருக்கிறார். முதிர்ந்த டெபாசிட், போனஸ் எல்லாம் சேர்த்து கையில் 5 லட்சம் இருக்கிறது. 'மொத்தத்தையும் கடனில் போடு, வட்டி மிச்சம்' என்கிறார் மைத்துனர். 'கையில் காசு இல்லாமல் இருக்காதே' என்கிறார் அப்பா. அலுவலக நண்பர் ஓவர்டிராஃப்ட் கடனுக்கு மாறச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அப்பா சொல்வதைக் கேளுங்கள். மைத்துனருக்கு அடுத்த ஆண்டு முறை வரும்.

மைத்துனரின் கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை. மூன்று ஆண்டில் நீங்கள் கட்டிய தவணை மொத்தம் ஏறக்குறைய 10 லட்சத்து 93 ஆயிரம். அதில் அசலில் குறைந்தது 2 லட்சத்து 28 ஆயிரம்தான். மீதி முழுக்க வட்டி. இன்னும் 32 லட்சத்து 72 ஆயிரம் பாக்கி நிற்கிறது. இந்த நிலையில் 5 லட்சத்தைக் கட்டி, தவணையை அப்படியே தொடர்ந்தால் கடன் சுமார் நாலே முக்கால் ஆண்டு முன்னதாக முடியும். வட்டியில் 12 லட்சம் போல மிச்சமாகும். கேட்டாலே கட்டிவிடத் தோன்றும் கணக்குதான். ஆனால் இந்த 17 ஆண்டும் மாதம் தவறாமல் உங்களுக்குச் சம்பளம் வரும் என்று வைத்துக்கொண்டுதான் இதைப் போட முடியும்.

நான் வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டு உட்கார்ந்திருந்தவன். ஒருவரை மறக்கவே முடியாது. மார்ச் மாதம் வந்து 6 லட்சம் முன்கூட்டிக் கட்டினார். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். ஜூலையில் அவர் வேலை பார்த்த யூனிட்டை மூடிவிட்டார்கள். ஆகஸ்டில் மறுபடி வந்தார். அந்த 6 லட்சத்து ரசீதை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அதை மேசைமேல் வைத்து, "நான்தான் முன்னாடியே இவ்வளவு கட்டியிருக்கேனே சார், அதுல ஆறு மாசத் தவணையைக் கழிச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டார். கூடாது. கம்ப்யூட்டரில் அதற்கு வழியே இல்லை. 5-ம் தேதி தவணை என்றால் 5-ம் தேதி தவணைதான். மேலதிகாரியிடம் போய் நின்றேன். அங்கேயும் அதே பதில். கடைசியில் அவர் மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. ஆறு லட்சம் கட்டிய மனிதர், முப்பதாயிரத்துக்கு அடகு வைத்தார்.

பலருக்கும் புரியாமல் போவது இந்த இடம்தான். அசலில் கட்டும் பணம் முன்பணத் தவணை ஆகாது. அது கடனின் வால் பக்கத்தை வெட்டுகிறது. தலைப் பக்கத்தில் அடுத்த மாதத் தவணை அப்படியே நிற்கிறது. அந்தத் தவணை 90 நாள் கட்டப்படாமல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அப்புறம், அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே கைப்பற்ற வழி தரும் சர்ஃபாசி சட்டத்தின்கீழ் 60 நாள் நோட்டீஸ் வரும். நீங்கள் ஏற்கெனவே எத்தனை லட்சம் கூடுதலாகக் கட்டினீர்கள் என்று அந்த நோட்டீஸ் விசாரிக்காது.

'தேவைப்பட்டால் டாப்-அப் வாங்கிக்கொள்ளலாம்' என்பார்கள், அதாவது இருக்கும் வீட்டுக்கடன்மேலேயே இன்னொரு கடன். சம்பளம் வரும்வரை தினமும் போன் செய்து டாப்-அப் கொடுப்பதாகச் சொல்வார்கள். வேலை போனபின் கேட்டுப் பாருங்கள், முதல் கேள்வியே கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. தேவையில்லாதபோது நீட்டி, தேவைப்படும்போது இழுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டின்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

சரி, எவ்வளவு கையில் வைப்பது? உங்கள் சம்பளம் நின்றால் மாதம் தேவைப்படுவது 30,000 செலவும் 30,374 தவணையும். மனைவியின் 16,000 போக, 44,400 ரூபாய் துண்டு விழும். ஆறு மாதத்துக்கு 2 லட்சத்து 66 ஆயிரம். பள்ளிக் கட்டணம், அப்பாவின் வைத்தியம் என்று சேர்த்து மூன்றரை லட்சம் வையுங்கள். இன்னொன்றையும் யோசியுங்கள்: கம்பெனி கொடுத்திருக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ், வேலை போகும் அன்றே போய்விடும். அதனால் 50,000 ரூபாயை ஒதுக்கி, உங்கள் நால்வருக்கும் ஒரு பாலிசி, அப்பாவுக்குத் தனியாக ஒன்று என்று சொந்தமாக எடுத்துவிடுங்கள். 65 வயதைத் தாண்டியவருக்குப் புதுப் பாலிசி கூடாது என்ற தடையை 2024-லேயே எடுத்துவிட்டார்கள். தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் கிடையாது. மிஞ்சும் ஒரு லட்சம் கடனுக்கு. அந்த ஒரு லட்சமே சுமார் 13 மாதத்தைக் குறைத்துவிடும்.

மூன்றரை லட்சத்தைச் சும்மா வைத்தால் நஷ்டம் இல்லையா என்று மைத்துனர் கேட்பார். கணக்கைக் காட்டுங்கள். அதைக் கடனில் போட்டால் ஆண்டுக்கு மிச்சமாகும் வட்டி 29,750. டெபாசிட்டில் 6.5 சதவீதம் கிடைத்தால் 22,750. புதிய வரிமுறையில் உங்கள் வருமானத்துக்கு வரி வராது என்பதால் அது முழுசாகக் கையில் நிற்கும். வித்தியாசம் ஆண்டுக்கு 7,000, மாதத்துக்கு 600 ரூபாய்கூட இல்லை. அந்தப் பணம் கையில் இல்லாத நாளில் கிரெடிட் கார்டு பாக்கியை உருட்டினால் மாதத்துக்கே மூன்று, மூன்றரை சதவீதம் போகும்.

இந்தப் பணத்தை ஒரே டெபாசிட்டாகப் போடாதீர்கள். லட்சம் லட்சமாக மூன்று போட்டு, மீதி 50,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற இரண்டும் கெடாது. மனைவி பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் போடுங்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது உங்கள் கையெழுத்துக்காக அவர் அலையக் கூடாது. இ.எம்.ஐ. பிடிக்கும் கணக்கில் இதை வைக்க வேண்டாம். ஒரே வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு, அது போதும். பதிவு செய்யாத சீட்டு, பங்குச்சந்தையைச் சார்ந்த யூலிப் இன்ஷூரன்ஸ், தெரிந்தவர் கைமாற்று, இவை எதிலும் போடவே கூடாது. நகை இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது கடைசிப் படி.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். 2023-ல் 8.5, இன்றும் 8.5. ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 2025-ல் மட்டும் 6.5-லிருந்து 5.25 வரை இறக்கியிருக்கிறது. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த விதி வீட்டுவசதிக் கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. அவை தாங்களே வைத்திருக்கும் ஒரு விகிதத்தைக் காட்டுகின்றன. ஏறும்போது உங்களுக்கும் ஏறும். இறங்கும்போது புதிதாக வருபவருக்குக் குறைந்த வட்டி, பழையவர் கேட்டால்தான். கேட்காதவரிடம் பழைய வட்டியையே பிடித்துக்கொண்டிருப்பதை எப்படித்தான் அனுமதிக்கிறார்களோ!

எனவே ஒரு ரூபாய் முன்கூட்டிக் கட்டுவதற்கு முன்னால் கிளைக்குப் போய், 'இன்று புதுக் கடனுக்கு என்ன வட்டி, எனக்கு ஏன் இது' என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு சிறு மாற்றுக் கட்டணம் வாங்கிக்கொண்டு குறைப்பது வழக்கம். 8.5 என்பது 7.75 ஆனால், தவணையை அதே 30,374-ல் வைத்தால் 19 மாதம் போல குறையும். கையிலிருந்து ஒரு லட்சம் கட்டிக் கிடைப்பதைவிட இது அதிகம். ஆப்பில் பார்க்கச் சொல்வார்கள், ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடச் சொல்வார்கள், அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். விடாதீர்கள்.

கேட்டு அலையும் இந்த நேரத்தில்தான் ஏஜெண்ட் வந்து நிற்பார். 'வேற பேங்குக்கு மாத்தித் தர்றேன் சார், கூடவே 5 லட்சம் டாப்-அப்' என்பார். அவருக்குக் கமிஷன் கடன் தொகையைப் பொறுத்தது. அதனால்தான் உங்கள் கடனைப் பெருக்கப் பார்க்கிறார். மாற்றினால் பிராசஸிங் கட்டணம், வக்கீல், மதிப்பீட்டாளர், பத்திர ஒப்படைப்புப் பதிவு என்று எல்லாம் புதிதாக ஆகும். மீதமுள்ள 17 ஆண்டை மறுபடி 20 ஆக்கி, 'பாருங்க, இ.எம்.ஐ. குறைஞ்சிடுச்சு' என்று காட்டுவார்கள். காலம் ஒரு மாதம்கூட நீளக் கூடாது என்று சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு, இதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. உங்கள் கடன் ஒப்புதல் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். ஒரே தடவை பிரீமியம் கட்டும் இன்ஷூரன்ஸ் ஒன்றைக் கடனோடு சேர்த்திருக்கிறார்களா? 90,000 ரூபாய் பிரீமியத்தைக் கடனில் ஏற்றினால் 20 ஆண்டில் நீங்கள் கட்டுவது 1 லட்சத்து 87 ஆயிரம். அது கட்டாயம் என்று சொல்லித்தான் விற்பார்கள். கட்டாயமே கிடையாது. அதே பாதுகாப்பை, இறந்தால் மட்டும் பணம் வரும் தனி டேர்ம் பாலிசியில் எடுத்தால், எந்தக் கடன் நிறுவனத்துக்கு மாறினாலும் கூடவே வரும். மாற்றும்போது மறுபடி ஒன்றை நுழைக்கப் பார்ப்பார்கள், ஜாக்கிரதை.

உங்கள் நண்பர் சொல்லும் ஓவர்டிராஃப்ட் கடன், நான் மேலே சொன்னதற்கெல்லாம் உண்மையான விதிவிலக்கு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதில் கடன் கணக்கு நடப்புக் கணக்குபோல இருக்கும். கையிலிருக்கும் மூன்றரை லட்சத்தை அதில் போட்டு வைத்தால், அவ்வளவு பாக்கி குறைந்ததாக நாள் கணக்கில் வட்டி போடுவார்கள். வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். அதாவது பணம் கடனிலும் இருக்கிறது, கையிலும் இருக்கிறது. ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெய்ன் இந்த வகைதான். கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் உங்களுக்கு இது வேண்டாம் என்கிறேன். பொதுவாக இந்த வகைக்குச் சாதாரணக் கடனைவிட வட்டி கொஞ்சம் கூடுதல். கால் சதவீதம் என்றாலே உங்கள் 32.72 லட்சத்துக்கு ஆண்டுக்கு 8,180 ரூபாய். நாம் மேலே பார்த்தோமே, டெபாசிட்டில் வைப்பதால் உங்களுக்கு ஆகும் நஷ்டமே 7,000-தான். அதைத் தவிர்க்க 8,180 கொடுப்பானேன்? இந்த ஏற்பாடு பொருந்துவது, பெரிய தொகை வந்து போகிறவர்களுக்கு. திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர், ஆறு மாதம் கப்பலில் இருந்துவிட்டு மொத்தச் சம்பளத்தோடு வருபவர், இப்படி எப்போதும் 10, 15 லட்சம் கணக்கில் கிடக்கும் என்றால் அள்ளிக் கொடுக்கும். அவர்களும் எடுக்கக்கூடிய வரம்பு மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். எடுக்க முடிகிறது என்பதற்காகவே காருக்கு முன்பணம், கல்யாணத்துக்கு மொய் என்று எடுத்துக் காலி செய்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வட்டி வித்தியாசமே இல்லாமல் ஒரு வங்கி கொடுத்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள், பார்க்கலாம்.

மூன்றரை லட்சம் ஒதுங்கியபின் மாதம் மிஞ்சுவதைத் தாராளமாகக் கடனில் போடலாம். ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே, மீதமுள்ள 17 ஆண்டில் இரண்டரை ஆண்டு போல குறையும். மாறும் வட்டி வீட்டுக்கடனுக்குத் தனிநபரிடம் முன்கூட்டிக் கட்டும் அபராதம் வாங்கக் கூடாது என்பது 2014-க்கு முன்பிருந்தே இருக்கும் விதி. யாராவது கேட்டால் எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நடுவில் கையிருப்பிலிருந்து எடுக்க நேர்ந்தால், அது திரும்ப நிரம்பும்வரை கூடுதல் கட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

அந்த ஒரு லட்சத்தைக் கட்டப் போகும்போது ஒரு கடிதமும் எடுத்துப் போங்கள். 'இத்தொகையை அசலில் வரவு வைத்து, தவணைத் தொகையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கவும்' என்று அதில் எழுதியிருக்க வேண்டும். கவுண்டரில் இருப்பவர் இ.எம்.ஐ.யைக் குறைக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, கடைசி வரியில் இருக்கும் மாதம் பழையதைவிட ஓராண்டுக்கு மேல் முன்னால் வந்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள்.