மேனேஜரா, லீடரா? கேள்வி பதில்

கேள்வி (அம்பத்தூர், கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மெஷின் ஒர்க்‌ஷாப்): சார், சூப்பர்வைசர் ஆகி மூணு மாசம். 22 பேர், மூணு ஷிஃப்ட். அளவு தப்பி ஒதுக்குற பீஸ், அதாவது ரிஜெக்‌ஷன் ஏறிக்கிட்டே போகுது. தினமும் காலையில எல்லாரையும் நிக்க வச்சுப் பேசுறேன், பலனில்ல. எனக்கு லீடர்ஷிப் வரலையா?

பதில்: பேச்சை நிறுத்துங்க. இது முதலில் நிர்வாக வேலை. இரண்டு வார ரிஜெக்ட் பீஸ்களை எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், எந்த அளவில் தப்பியது என்று ஒரே தாளில் பிரித்து எழுதுங்க. எல்லா ஷிஃப்டிலும் அதே மெஷின் என்றால் ஆளைத் திட்டிப் பயனில்லை. இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்மானம், ஃபிக்ஸ்ச்சர் (பீஸைப் பிடிக்கும் சாதனம்) பிடிப்பு, கூலன்ட் (சூடு தணிக்கும் திரவம்) கலவையைப் பாருங்க. எல்லா மெஷினிலும் அதே ஷிஃப்ட் என்றால் கைமாறும் நேரத்தில் கோளாறு: ஆஃப்செட் (மெஷினில் கொடுக்கும் அளவுத் திருத்தம்) மாற்றியதை முந்தைய ஆள் எழுதி வைத்தாரா, அளக்கும் மைக்ரோமீட்டர் ஜீரோவில் சரியாக நிற்கிறதா என்று பார்த்தார்களா? செட்டிங்கோ இன்சர்ட்டோ மாறினால், முதல் பீஸை அளந்து கையெழுத்துப் போடாமல் அடுத்தது ஓடக்கூடாது.

இத்தனைக்குப் பிறகும் குறையவில்லையா? 200 பீஸுக்கு இன்சர்ட் மாற்றணும் என்று போர்டில் இருக்கும், ஆபரேட்டர் 260 வரை ஓட்டுவார். சோம்பல் இல்லை. மாற்றினால் நேரம் போகும், எண்ணிக்கை குறைந்தால் திட்டு விழும் என்று அவருக்குத் தெரியும். "சந்தேகம்னா நிறுத்துங்க, எண்ணிக்கைக்கு நான் பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அவர் முதல்முறை நிறுத்தும்போது முகம் சுளிக்காமல் இருக்கணும். தலைமை அங்கேதான் வருது. அந்த ஷிஃப்டில் இருக்கும் மற்றவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் உங்க முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி (ஓ.எம்.ஆர்., ஐ.டி. டீம் லீட்): மேனேஜர், லீடர் ரெண்டுக்கும் வித்தியாசத்தை ஒரு வரியில சொல்லுங்க. 9 பேர் டீம், நானும் கோட் எழுதணும். ரெண்டையும் பார்க்க நேரம் ஏது?

பதில்: ஒரு வரிதான் வேணும்னா 1990-ல் ஹார்வர்ட் பேராசிரியர் ஜான் காட்டர் சொன்னது: சிக்கலைச் சமாளிப்பது நிர்வாகம், மாற்றத்தைச் சமாளிப்பது தலைமை. ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்று அவர் சொல்லவில்லை. அது போஸ்டர் அடிப்பவர்கள் சேர்த்தது.

நேரத்துக்கு வருவோம். ஆளுக்கு 30 நிமிஷம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தனியாகப் பேசினால் மொத்தம் நாலரை மணி நேரம். அதில் டிக்கெட் (ஒதுக்கிய வேலை) நிலவரம் கேட்காதீங்க, அதற்கு ஸ்டாண்டப் (தினசரி குட்டி மீட்டிங்) இருக்கு. அந்த நேரத்தை வேலையைப் பிரித்துக் கொடுத்துத்தான் மீட்கணும். கொடுக்கும்போது நாலு விஷயம்: முடிந்தால் எப்படி இருக்கணும், எந்தத் தேதி, எதுவரை அவரே முடிவெடுக்கலாம், நீங்க முதலில் எப்போ பார்ப்பீங்க. கடைசி இரண்டும்தான் எப்போதும் விட்டுப்போகும். "பார்த்துக்கோப்பா" என்று விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறந்து பார்த்து, ராத்திரியே நீங்களே மாற்றி எழுதுவீங்க. திங்கள்கிழமையிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் உங்களிடமே வந்து நிற்பார்.

கேள்வி (தி.நகர், ஜவுளிக்கடை): தீபாவளி சீசன், ஃப்ளோர்ல 40 பேர். அன்பா இருந்தா தலைமேல ஏறுறாங்க, கண்டிச்சா வேலையை விட்டே நின்னுடுறாங்கண்ணே.

பதில்: முதலில் சாப்பாட்டு முறையை எழுதி ஒட்டுங்க தம்பி: பத்துப் பத்துப் பேராக நாலு பேட்ச், 12 மணியிலிருந்து 40 நிமிஷத்துக்கு ஒன்று. வாயால் சொல்லும் முறையில்தான் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு கிளம்பும். கண்டிப்பதை கஸ்டமர் முன்னால் வேண்டாம், ஸ்டாக் ரூமில் வைத்துக்கொள்ளுங்க.

கேள்வி (ஒரகடம், தொழிற்சாலை): புயல் எச்சரிக்கை அன்னைக்கு என்ன செய்யணும் சார்?

பதில்: பாதி வேலை செப்டம்பரிலேயே முடிந்திருக்கணும்: தரையில் கிடக்கும் சரக்கை ரேக்கில் ஏற்றுவது, ஜெனரேட்டர் டீசல், பம்பை ஓட்டிப் பார்ப்பது, யார் எந்த ஏரியா என்ற பட்டியல். தண்ணீர் வந்தபிறகு இதில் ஒன்றும் நடக்காது. 2015, 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்க. எச்சரிக்கை அன்றைக்கு வேண்டியது முடிவு. மதிய ஷிஃப்ட் உண்டா இல்லையா என்று காலை 10 மணிக்குள், ஒரே வாட்ஸ்அப் குரூப்பில், ஒருத்தர் பெயரில் போடுங்க. "நிலைமையைப் பார்த்துச் சொல்றோம்" என்று போட்டால் பாதிப் பேர் பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டிருப்பார்கள். அன்றைக்குச் சம்பளம் உண்டா என்பதையும் அதே மெசேஜில் சொல்லிடுங்க. முதலில் அதைத்தான் கேட்பார்கள்.