குடோன் இரவு வேலை: வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள்

கேள்வி: நான் வியாசர்பாடியில் வசிக்கிறேன். சோழவரம் அருகே உள்ள ஒரு குடோனில், ஏஜென்சி மூலம் 14 மாதங்களாக இரவு ஷிஃப்டில் பார்சல் பிரிக்கும் வேலை செய்துவந்தேன். இரவு 8 மணிக்கு உள்ளே போனால் காலை 8 மணிக்குத்தான் வெளியே வர முடியும். நடுவில் 1 மணிக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். மாதம் 26 இரவுக்குச் சம்பளம் ரூ.15,600. ஓ.டி. என்று எதுவும் கிடையாது. ஓர் இரவுக்கு ரூ.100 ‘இன்சென்டிவ்’ தருவார்கள். சில செல்போன் பார்சல்கள் ஷார்ட்டேஜ் என்று சொல்லி, எங்கள் வரிசையில் நின்ற எட்டுப் பேருக்கும் பங்கு போட்டு, என் சம்பளத்தில் ரூ.4,200 பிடித்துவிட்டார்கள். சென்ற வாரம் விடியற்காலை 5.40 மணிக்குப் பெட்டிகள் மேல் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கேமராவில் பார்த்துவிட்டு, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள். பாக்கிச் சம்பளம் வேண்டுமென்றால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாவிட்டால் திருட்டுக் கேஸ் கொடுப்போம் என்கிறார் சூப்பர்வைசர். நான் என்ன செய்வது? இதற்கிடையில் வேறு குடோனில் சேரலாமா?

பதில்: முதலில், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கையெழுத்துக்கு மேலே உள்ள வெற்றிடத்தில் ‘சொந்தக் காரணங்களால் நானே விலகுகிறேன், எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன்’ என்று இரண்டு வரி எழுதப்பட்டுவிட்டால், இனி நான் சொல்லப்போகும் உரிமைகள் ஒவ்வொன்றுக்கும் எதிராக அந்தத் தாளே காட்டப்படும். எழுதி முடித்த செட்டில்மென்ட் தாளைக் கொடுத்துப் பணமும் கொடுத்தால், தொகையை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்துக்கு அருகிலேயே ‘எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன், மீதிக் கோரிக்கைகள் நிலுவையில் உள்ளன’ என்று உங்கள் கையால் எழுதி, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கிச் சம்பளத்துக்குக் கையெழுத்தை விலையாகக் கேட்க அவர்களுக்கு உரிமையே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இன்படி, வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும்.

‘இது கடையும் இல்லை, ஃபேக்டரியும் இல்லை, குடோனுக்கு எந்தச் சட்டமும் பொருந்தாது’ என்று ஏஜென்சிக்காரர்கள் சொல்வது வழக்கம். அது தவறு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ‘கடை’ என்பதற்குத் தரும் வரையறையிலேயே, வியாபாரத்துக்காகப் பயன்படும் குடோன்களும் சரக்குக் கிடங்குகளும் அடங்கும் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அந்தச் சட்டப்படி ஒரு நாள் வேலை 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஓ.டி.யையும் சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கத் தமிழக அரசு 2019 முதல் வழங்கிவரும் அனுமதி ஆணையில்கூட, உச்ச வரம்பு நாளுக்குப் பத்தரை மணி நேரமும் வாரத்துக்கு 57 மணி நேரமும்தான். நீங்கள் அரை மணி இடைவேளை போகப் பதினொன்றரை மணி நேரம் உழைத்திருக்கிறீர்கள். வாரத்துக்கு ஆறு இரவு என்றால் அது 69 மணி நேரம். நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்ற விதியும் ஒவ்வோர் இரவும் மீறப்பட்டிருக்கிறது.

இப்போது பணக் கணக்கைப் பார்ப்போம். ரூ.15,600-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி ரூ.600, அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு ரூ.75. ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி என்பதால் மணிக்கு ரூ.150. ஓர் இரவில் மூன்றரை மணி நேர ஓ.டி.க்கு ரூ.525, மாதம் 26 இரவுக்கு ரூ.13,650. அவர்கள் கொடுத்த இன்சென்டிவ் ரூ.2,600-ஐக் கழித்தாலும் மாதத்துக்கு ரூ.11,050 நிற்கிறது, 14 மாதங்களுக்கு அது ரூ.1,54,700. நீங்கள் விடுப்பெடுத்த இரவுகளுக்கு இதில் குறையும். ‘சம்பளமே 12 மணி நேரத்துக்குத்தான் பேசினோம்’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். சட்டம் 8 மணி நேரம் என்று வரையறுத்த பிறகு, அதற்கு மேற்பட்ட நேரத்தையும் அதே சம்பளத்துக்குள் அடக்கிப் பேசிக்கொள்ள முடியாது என்பதே நமது பதிலாக இருக்க வேண்டும்.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் சட்டத்தில் தோற்பதில்லை, நேரத்தை நிரூபிப்பதில்தான் தோற்கின்றன; எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கொடுக்க வேண்டிய ஊதியத்தைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பை ஊதியத் தொகுப்பின் 59-ஆம் பிரிவு முதலாளியின் மேல் சுமத்துகிறது. ஆனாலும் நீங்கள் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை அங்கே இருந்தீர்கள் என்பதற்கு உங்களிடமும் ஏதேனும் இருக்க வேண்டும். வருகைப் பதிவு, ஸ்கேனரில் நீங்கள் லாகின் செய்து வெளியேறிய நேரம், கேமராப் பதிவு எல்லாம் அவர்கள் வசம் இருக்கின்றன. அவற்றை அழிக்காமல் வைத்திருக்கும்படி, பாக்கியைக் கேட்டு நீங்கள் அனுப்பப்போகும் நோட்டீஸிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் வசம் இருப்பது உங்கள் செல்போன். இரவு ஏழு மணிக்கு மூலக்கடையில் வேன் வந்துவிட்டதா என்று குழுவில் போட்ட வாட்ஸ்அப் செய்தி, ‘இன்று டார்கெட் முடியாமல் யாரும் கிளம்பக் கூடாது’ என்று காலை ஏழரைக்குச் சூப்பர்வைசர் அனுப்பிய குரல் பதிவு, ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்து டீக்கடையில் 8.10-க்கு ஜிபே செய்த ரூ.15, கூகுள் மேப்பில் பதிவாகியிருக்கும் இடமும் நேரமும் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஆனால் மாதக்கணக்கில் ஒரே ஒழுங்கில் அடுக்கிக் காட்டும்போது, எந்த அதிகாரியும் அவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்தக் குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன்பாக, இன்றே முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்கு உரிய சான்றிதழ் இணைக்க வேண்டியிருப்பதால், அசல் கருவி கையில் இருப்பது நல்லது. சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்து வையுங்கள்.

ஷார்ட்டேஜுக்காகப் பிடித்த ரூ.4,200-ஐத் திருப்பிக் கேட்கலாம். ஒரு பொருள் குறிப்பாக உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டு, அது உங்கள் கவனக்குறைவால் நேரடியாகத் தொலைந்திருந்தால் மட்டுமே அந்த இழப்பைப் பிடிக்க முடியும். அதற்கும் முன்னதாக உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். கன்வேயரில் எட்டுப் பேர் கையைக் கடந்து போகும் பார்சலை, யாரிடம் தொலைந்தது என்றே தெரியாமல், எட்டாகப் பங்கிட்டுப் பிடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. மற்ற ஏழு பேருக்கும் இதே உரிமை உண்டு என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். சேர்ந்து மனுக் கொடுத்தால் வலு கூடும்.

இனி வேலை நீக்கத்துக்கு வருகிறேன். ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கு ஈடான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்குவதென்றால், விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். கேமராவில் பார்த்ததும் கேட்டில் வைத்து அட்டையைப் பறிப்பது விசாரணை ஆகாது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இரவு 8 மணிக்குத் தொடங்கிய உங்கள் எட்டு மணி நேர வேலை, இடைவேளையைக் கழித்தால், விடியற்காலை 4.30-க்கே முடிந்துவிட்டது. 5.40-க்கு நீங்கள் கண்ணயர்ந்தது, கூலியும் தராமல் உங்களை நிறுத்தி வைத்திருந்த நேரத்தில். ஒரு மனிதனை இரவு முழுவதும் நிற்க வைத்து, சட்டம் சொன்ன ஓய்வில் பாதியைப் பறித்துக்கொண்டு, பிறகு தூங்கினான் என்று தண்டிப்பது கொடுமை. இதை உங்கள் மேல்முறையீட்டில் நேரக் கணக்குடன் அழுத்தமாக எழுதுங்கள். 41-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு உண்டு. எழுத்து மூலமான உத்தரவு தரப்படவில்லை என்றாலும், உங்களைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது.

திருட்டுக் கேஸ் மிரட்டலுக்காகப் பயந்து மன்னிப்புக் கடிதமோ ஒப்புதல் கடிதமோ எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் மேனேஜருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. காவல் நிலையத்திலிருந்து அழைத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3)-ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் நோட்டீஸ் கேட்டுப் பெற்று, ஒரு வழக்கறிஞருடன் தவறாமல் ஆஜராகுங்கள். போகாமல் ஒளிந்துகொள்வது உங்களுக்குத்தான் தீங்கு.

பாக்கியைக் கேட்கும் நோட்டீஸை ஏஜென்சிக்கும், குடோனை நடத்தும் நிறுவனத்துக்கும் சேர்த்தே விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ‘நீங்கள் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டரைக் கேளுங்கள்’ என்று நிறுவனம் கைகழுவ முடியாது. கான்ட்ராக்டர் தராத ஊதியத்துக்கு, வேலை நடந்த நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பு என்கிறது ஊதியத் தொகுப்பின் 43-ஆம் பிரிவு. பிறகு தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்க வேண்டும். உங்கள் வீடு சென்னை மாவட்டத்தில் இருந்தாலும், சோழவரம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வேலை நடந்த இடத்தை வைத்தே அலுவலகம் தீர்மானிக்கப்படும் என்பதால், அந்த மாவட்டத்துக்கு உரிய தொழிலாளர் துறை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். புதிய தொகுப்பின்படி ஊதியக் கோரிக்கைக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. உரிய தொகைக்கு மேல் அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. எனினும் உங்கள் 14 மாதங்களில் ஒரு பகுதி 2025 நவம்பர் 21-க்கு முன்னால் வருமானால், அந்த மாதங்களுக்குப் பழைய 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் 12 மாதக் கெடுவே பொருந்தும் என்று வாதம் எழக்கூடும். ஆகவே தாமதிக்க வேண்டாம். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லை என்றால், தொழிலாளி என்ற முறையில் இலவசச் சட்ட உதவி கோரலாம். 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

வேறு குடோனில் தாராளமாகச் சேரலாம். அதனால் ஓ.டி. பாக்கியும், பிடித்த தொகையும், நோட்டீஸ் சம்பளமும் பறிபோகாது. பழைய வேலையையே திரும்பக் கேட்டு வெற்றி பெற்றால், இடைக்காலச் சம்பளத்தைக் கணக்கிடும்போது நீங்கள் வேறு இடத்தில் சம்பாதித்ததைக் கழிக்க வாய்ப்புண்டு. எனவே அதை மறைக்காமல் பேஸ்லிப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். புதிய இடத்தில் வேலைக்கான உத்தரவை எழுத்தில் கேளுங்கள். மாதச் சம்பளம் ரூ.21,000-க்குள் இருந்தால், சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் சேர்த்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்ட வேண்டும், முதல் மாதமே உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி, பணம் கட்டப்படுகிறதா என்று சரிபாருங்கள். பழைய ஏஜென்சியும் இதைப் பிடித்திருந்து கட்டாமல் விட்டிருந்தால், அதையும் தனிப் புகாராக இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கொடுங்கள்.