விளாட் மன்னனுக்குக் கோரைப்பல் முளைத்த கதை: கேள்வி பதில்

2014இல் வெளிவந்த ‘டிராகுலா அன்டோல்ட்’ படத்தில், 15ஆம் நூற்றாண்டு இளவரசன் விளாட் தன் மகனையும் மக்களையும் துருக்கியச் சுல்தானிடமிருந்து காப்பாற்ற இரத்தக் காட்டேரியாக மாறுகிறான். கேரி ஷோர் இயக்கம், லூக் எவான்ஸ் நாயகன். இதில் எது வரலாறு, எது கற்பனை என்று வந்த கேள்விகளுக்கு, தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி வரலாற்றைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசிவிடுவேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஐயா, இப்படி ஒரு மன்னன் உண்மையிலேயே இருந்தானா?

இருந்தான். மூன்றாம் விளாட். 1431 வாக்கில் பிறந்தவன். அவன் தந்தை இரண்டாம் விளாட், ஹங்கேரி மன்னர் சிகிஸ்மண்ட் நிறுவிய ‘டிராகன் சங்கம்’ என்ற வீரர் குழுவில் சேர்ந்ததால் ‘டிராகுல்’ என்று அழைக்கப்பட்டார். டிராகுலின் மகன் டிராகுலா. எதிரிகளைக் கழுவில் ஏற்றிக் கொன்றதால் பிற்காலத்தில் ‘கழுவேற்றி விளாட்’ என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது.

கேள்வி: படத்தில் டிரான்சில்வேனியாவின் இளவரசன் என்கிறார்களே?

பிறந்தது அங்கே, ஆண்டது தெற்கே இருந்த வலாக்கியா. இரண்டும் இன்றைய ருமேனியாவில் உள்ள பகுதிகள். டிரான்சில்வேனியா அப்போது ஹங்கேரி அரசின் கீழ் இருந்தது. அந்தப் பெயருக்கு இருக்கும் கவர்ச்சியைத் தயாரிப்பாளர்கள் விடுவார்களா?

கேள்வி: சுல்தான் ஆயிரம் சிறுவர்களைக் கேட்கிறார், விளாட் மறுக்கிறான். இது நடந்ததா?

பாதி நடந்தது. வலாக்கியா துருக்கியருக்கு ஆண்டுக்கு 10,000 தங்கக் காசுகள் கப்பம் கட்ட வேண்டியிருந்தது. இதோடு 500 சிறுவர்களையும் அனுப்பும்படி சுல்தான் இரண்டாம் மெஹ்மத் கேட்டதாக அக்கால பைசாந்திய வரலாற்றாசிரியர் டூகாஸ் எழுதுகிறார். விளாட் கப்பத்தை நிறுத்தினான். 1462 குளிர்காலத்தில் டான்யூப் ஆற்றைக் கடந்து துருக்கியர் வசமிருந்த கரையோர ஊர்களை எரித்தான். கொன்றவர்கள் 23,000க்கும் மேல் என்று ஹங்கேரி மன்னருக்குக் கடிதமும் அனுப்பினான். ஊர்வாரியாகக் கணக்குப் போட்ட கடிதம் அது. பிள்ளைப் பாசத்தில் வேறு வழியில்லாமல் வாளெடுக்கும் படத்து விளாடுக்கும், கடிதத்தில் தலைகளை எண்ணும் இந்த விளாடுக்கும் வெகுதூரம்.

கேள்வி: அண்ணா, கடைசியில் சுல்தானைக் கொல்கிறானே, அது?

சுத்தப் புளுகு. மெஹ்மத் 1481இல் இறந்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே விளாட் கதை முடிந்துவிட்டது. ஆனால் கொல்ல முயன்றது உண்மை. 1462 ஜூன் 17 அன்று இரவு, தலைநகர் தர்கோவிஷ்டேக்கு அருகே சுல்தானின் பாசறைக்குள் விளாடின் படை புகுந்தது. நோக்கம் சுல்தானின் கூடாரம். இருட்டில் வேறு கூடாரத்தைத் தாக்கிவிட்டார்கள். பிறகு தலைநகரை நெருங்கிய துருக்கியப் படை, வழியில் கழுமரங்களின் காடு ஒன்றைக் கண்டது. அதில் 20,000 உடல்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் சால்கோகொண்டிலஸ் எழுதுகிறார். எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

படத்தில் வெள்ளிக் காசுகள் கொட்டிக் கிடக்கும் கூடாரத்தில் நடக்கும் சண்டையைவிட, கூடாரம் மாறிப்போன அந்த இரவு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: அப்படியானால் விளாட் ஜெயித்தானா, தோற்றானா?

தோற்றான். யாரிடம் தோற்றான் என்பதைத்தான் படம் மறைக்கிறது. விளாடுக்கு ராது என்று ஒரு தம்பி. 1442இல் தந்தை இருவரையும் சுல்தானின் அரண்மனையில் பிணையாக விட்டுவந்தார். அண்ணன் வெளியே வந்து அரசுக்காக அலைந்தான். தம்பி அங்கேயே வளர்ந்து மெஹ்மதுக்கு நெருக்கமானான். 1462இல் மெஹ்மத் திரும்பிப் போகும்போது ராதுவைப் படையுடன் விட்டுவிட்டுப் போனார். போரில் நொந்துபோன வலாக்கியப் பிரபுக்கள், சமாதானம் தருகிறேன் என்ற தம்பியின் பக்கம் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். விளாட் மலையேறி ஹங்கேரி மன்னர் மத்தியாஸிடம் உதவி கேட்டுப் போனான். அவர் கைது செய்தார்.

இந்த மத்தியாஸ் யார் தெரியுமா? 1447இல் படையெடுத்து வந்து விளாடின் தந்தையின் சாவுக்குக் காரணமான ஹங்கேரித் தளபதி ஹுன்யாடியின் மகன். துருக்கியரோடு போரிடப் போப்பாண்டவரிடம் பணம் வாங்கியிருந்தார், போரிடவில்லை. காரணம் காட்ட வேண்டுமே! விளாட் சுல்தானோடு இரகசியமாகப் பேரம் பேசினான் என்று ஒரு கடிதத்தைக் காட்டினார். அது போலி என்பதே பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. விளாட் பத்தாண்டுகளுக்கும் மேல் காவலில் கிடந்தான்.

அண்ணன் தம்பி பகை, பிணைக்கைதிகளின் பிள்ளைப்பருவம், தந்தையைக் கொன்றவன் மகனிடமே அடைக்கலம். இத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டுக் குகைக்குள் ஒரு கிழட்டுக் காட்டேரியைத் தேடிப் போகிறது இந்தப் படம். அந்த வேடத்தில் சார்ல்ஸ் டான்ஸ் அருமையாக நடித்திருக்கிறார், அதை மறுக்கவில்லை.

கேள்வி: அவன் கொடூரன் என்பதே எதிரிகள் கட்டிய கதை என்கிறார்களே?

கொடூரன்தான். டிரான்சில்வேனியாவின் பிராஷோவ் நகரத்து ஜெர்மானிய வணிகர்களோடு அவனுக்கு வணிகத் தகராறு, அவர்கள் அவனுடைய அரியணைப் போட்டியாளர்களுக்கு இடம் கொடுத்த தகராறு என்று பல இருந்தன. அவர்களில் பலரைக் கழுவேற்றினான். அதன் பிறகு ஜெர்மன் மொழியில் அவனைப் பற்றிக் கதைகள் பரவின. மத்தியாஸின் அரசவைக்கும் அவை வசதியாக இருந்தன. அச்சு இயந்திரம் புதிது, நன்றாக விற்றது. 1499இல் நியூரம்பெர்கில் வந்த பதிப்பின் அட்டையில், கழுவேற்றப்பட்ட உடல்கள் நடுவே அவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். ரஷ்ய மொழிக் கதைகளிலோ அதே ஆள் கடுமையான, ஆனால் நேர்மையான அரசன். செயல் ஒன்றுதான், சொல்பவர் வேறு.

கேள்வி: சரி, இரத்தம் குடித்தானா?

இல்லை. ருமேனிய நாட்டார் கதைகளில் ‘ஸ்ட்ரிகோய்’ எனும் பேய்கள் உண்டு. விளாட் அவற்றில் ஒன்றல்ல. 1890இல் ‘டிராகுலா’ நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் இங்கிலாந்தின் விட்பி நகர நூலகத்தில் வில்கின்சன் என்பவரின் புத்தகத்தில் ‘டிராகுலா’ என்ற பெயரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அதுவரை தன் பாத்திரத்துக்கு ‘வாம்பிர் பிரபு’ என்று பெயர் வைத்திருந்தார். ருமேனியாவுக்கு அவர் போனதே இல்லை. 1897இல் வந்த நாவலில் கழுமரம் பற்றிப் பேச்சே கிடையாது. திரையில் விளாட் மன்னனையும் காட்டேரி டிராகுலாவையும் வெளிப்படையாக முடிச்சுப் போட்டது 1953இல் வந்த ‘இஸ்தான்புல்லில் டிராகுலா’ என்ற துருக்கியப் படம். ஹாலிவுட்டில் 1992இல் கொப்போலா தன் படத்தை 1462ஆம் ஆண்டுப் போரோடு தொடங்கி அந்த முடிச்சை இறுக்கிவிட்டார்.

கேள்வி: மனைவி கோபுரத்திலிருந்து விழுவதும் கற்பனையா?

விளாடின் பொயெனாரி கோட்டை வட்டாரத்தில் வழங்கும் செவிவழிக் கதை அது: துருக்கியர் கையில் சிக்காமல் இருக்க அவள் ஆற்றில் குதித்தாள் என்பார்கள். மிரெனா என்ற பெயரும் மகன் இங்கெராஸும் படத்துக்காகப் படைத்தவை. நிஜ மகன் மிஹ்னியா. அவனுக்கு வாய்த்த பட்டம் ‘தீய மிஹ்னியா’!

கேள்வி: படத்தைப் படமாகப் பார்க்க மாட்டீர்களா? எதற்கு இத்தனை குறை?

பார்த்தேன், வௌவால் கூட்டத்தைக் கையால் வீசிப் படையை நொறுக்கும் காட்சியை இரசித்தேன். பேய்ப் படத்தில் பேய் வருவதா என்று நான் கேட்கவில்லை. பேயாக மாறியதால்தான் கொன்றான் என்று சொல்லும்போது, மனிதனாக இருந்தே அவன் செய்த கொலைகளுக்கு மன்னிப்பு கிடைத்துவிடுகிறது. என் சண்டை அதோடுதான்.

கேள்வி: வரலாற்றை ஒட்டிய படம் ஒன்று சொல்லுங்கள்.

1979இல் டோரு நஸ்டாஸே இயக்கிய ‘விளாட் செபெஷ்’ என்ற ருமேனியப் படம். காட்டேரி கிடையாது. கம்யூனிச சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சிக்காலத்தில் எடுத்ததால் விளாட் அதில் அப்பழுக்கற்ற தேசத் தலைவன். அந்த மிகைப் புகழைக் கழித்துக்கொண்டு பாருங்கள். ஸ்டெஃபான் சிலேயானுவின் நடிப்புக்காகவே பார்க்கலாம்.