தாதியர் பற்றாக்குறையும் வீசா விதிகளும்: கொழும்பிலிருந்து எழுதிய ஒரு தந்தைக்கு

மதிப்புக்குரிய ஐயா,

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும், மருத்துவ பீடத்துக்குப் போதிய இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் தரப்படுத்திய புள்ளி) கிடைக்காத உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காலி வீதியிலுள்ள ஒரு முகவர் நிலையம் ஆறு மாதப் பராமரிப்பாளர் பயிற்சியும், அதன் பின்னர் பிரித்தானிய வீசாவும் பெற்றுத் தருவதாகக் கூறி முற்பணம் கேட்கிறது. இலண்டனிலுள்ள உங்கள் மைத்துனரோ அங்கு வைத்தியசாலைகளில் ஆளில்லை, யோசிக்காமல் அனுப்புங்கள் என்கிறார். மனைவியின் நகைகளை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். நகைகளை அடகு வைக்க வேண்டாம், முற்பணமும் கொடுக்க வேண்டாம். ஆனால் மகளைத் தாதியர் துறையிலிருந்து திருப்பிவிடவும் வேண்டாம். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் மைத்துனர் சொல்வதில் பொய்யில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2025இல் வெளியிட்ட தாதியர் அறிக்கையின்படி, 2023இல் உலகில் ஏறத்தாழ 2 கோடியே 98 இலட்சம் தாதியர் இருந்தனர். அப்போது பற்றாக்குறை 58 இலட்சம். 2030இலும் அது 41 இலட்சமாக இருக்கும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. செல்வந்த நாடுகளில் பணியாற்றும் தாதியரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர். ஆகவே தேவை இருக்கிறது, இனியும் இருக்கும். ஆனால் ஆள் தேவை என்று சொல்பவர்கள் வைத்தியசாலை நிர்வாகிகள். யாரை நாட்டுக்குள் விடுவது என்று தீர்மானிப்பவர்கள் குடிவரவு அதிகாரிகளும் அவர்களுக்கு மேலே தேர்தலை எண்ணிக்கொண்டிருக்கும் அமைச்சர்களும். இந்த இரு தரப்பின் கணக்கும் ஒன்றாக அமைவதில்லை. வைத்தியசாலை விடுதிகளில் கட்டில்கள் நிரம்பி வழியும் அதே ஆண்டில் வீசா விதிகள் இறுக்கப்படலாம். பெற்றோருக்கு இதைத் தெளிவாகச் சொல்வோர் மிகக் குறைவு என்பதே என் பெரிய கவலை.

பிரித்தானியாவில் கடந்த சில ஆண்டுகளில் நடந்ததையே பாருங்கள். 2020 ஓகஸ்டில் சுகாதார, பராமரிப்புப் பணியாளர்களுக்கெனத் தனி வீசா தொடங்கப்பட்டது. முதியோர் இல்லங்களில் ஆட்கள் போதாமையால் 2022 பெப்ரவரியில் பராமரிப்பாளர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். தாதியர் தகைமையோ பட்டமோ இல்லாமலே குடும்பத்தோடு போகலாம் என்ற நிலை உருவானதும் பல நாடுகளிலிருந்து மக்கள் கடன்பட்டுப் புறப்பட்டார்கள். 2024 மார்ச் 11 முதல் பராமரிப்பாளர்கள் துணையையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வது தடுக்கப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிய பராமரிப்பாளர்களை எடுப்பதே நிறுத்தப்பட்டது. கதவு திறந்து மூன்றரை ஆண்டுக்குள் மூடப்பட்டுவிட்டது. ஏற்கெனவே அங்கு இருப்பவர்கள் நிபந்தனைகளோடு அந்த வேலைக்கு மாறுவதற்கு மட்டும் 2028 ஜூலை வரை இடைக்கால ஏற்பாடு உண்டு. “மாணவர் வீசாவில் போய் அங்கே மாறிக்கொள்ளலாம்” என்று முகவர்கள் சொல்வது இந்தச் சிறிய இடைவெளியைக் காட்டித்தான். முடிவுத் திகதி குறிக்கப்பட்ட ஒரு சலுகையை நம்பி, பல்கலைக்கழகக் கட்டணத்தையும் கட்டிப் பிள்ளையை அனுப்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கதவு திறந்திருந்த காலத்திலும் போனவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட தொழில்வழங்குநர்களின் அனுசரணை உரிமங்கள் (வெளிநாட்டவரை வேலைக்கு எடுப்பதற்கான அரச அனுமதி) இரத்துச் செய்யப்பட்டதாக அந்நாட்டு அரசே அறிவித்தது. அவற்றோடு தொடர்புபட்ட பணியாளர்கள் 39,000 பேருக்கும் மேல். உரிமம் இரத்தானால் தொழிலாளியின் வீசாவும் ஆட்டங்காணும். வழமையாக 60 நாட்களுக்குள் வேறொரு அனுசரணையாளரைத் தேடிக்கொள்ள வேண்டும், அல்லது நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஊரில் கடனோடு, அங்கே வேலையின்றி நிற்பவருக்கு அந்த 60 நாட்கள் எப்படிப்பட்டவையாக இருக்கும் என்பதை நீங்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு இப்போது விற்கப்படும் ஆறு மாதச் சான்றிதழ், மூடப்பட்டுவிட்ட இந்த வழிக்கான சான்றிதழ்தான்.

பதிவுபெற்ற தாதியரின் நிலை வேறு. 2025 ஜூலையில் பிரித்தானியா தொழில்சார் வீசாவுக்கான தகைமை மட்டத்தைப் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தியபோதும் தாதியர் தொழில் அந்த மட்டத்துக்குள்ளேயே நின்றது. அங்குள்ள தாதியர், மருத்துவிச்சியர் சபையில் பதிவதற்கு முதலில் கணினிவழிப் பரீட்சை, பின்னர் அந்நாட்டில் நடக்கும் செய்முறைப் பரீட்சை, இவற்றோடு ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். எழுதினால் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 தேவை, சுகாதாரத் துறையினருக்கான ஓ.ஈ.ரி. பரீட்சையையும் அந்தச் சபை ஏற்கிறது. இந்த வீசாவில் செல்வோருக்கு, மற்றவர்கள் ஆண்டுக்கு 1,035 பவுண் வீதம் செலுத்தும் சுகாதார மேலதிகக் கட்டணமும் இல்லை. ஆயினும் இவ்வழியும் முன்புபோல் அகலமாக இல்லை. 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அந்தச் சபையில் புதிதாகப் பதிந்த வெளிநாட்டுத் தாதியரின் தொகை முந்தைய ஆண்டின் அதே காலத்தோடு ஒப்பிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நிரந்தர வதிவிட உரிமைக்கான காத்திருப்பைப் பொதுவாக ஐந்து ஆண்டிலிருந்து பத்தாக நீட்டும் திட்டமும் 2025 மே மாதத்தில் அந்நாட்டு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் (கொள்கை ஆவணத்தில்) வந்தது.

இப்போது உங்கள் மகளின் காலக் கணக்கைப் பாருங்கள். இன்று படிப்பில் சேர்ந்தாலும் பயிற்சிக்கு மூன்று அல்லது நான்கு ஆண்டுகள், விடுதி அனுபவத்துக்கு ஓரிரு ஆண்டுகள் கழியும். அவர் விண்ணப்பிக்கும் நாளில் இருக்கப்போகும் விதியை முகவர் மட்டுமல்ல, விதியை எழுதும் அமைச்சரும் இன்று அறியமாட்டார். எனவே இப்போதைய வீசாவைப் பார்த்துப் படிப்பைத் தெரிவு செய்யாதீர்கள். எந்த நாடு கதவைத் திறந்தாலும் மூடினாலும் செல்லுபடியாகும் தகைமையைத் தெரிவு செய்யுங்கள். என் பார்வையில் அது ஒன்றே: இலங்கையில் பதிவு பெறக்கூடிய தாதியர் டிப்ளோமா அல்லது பட்டம்.

அதற்கு வழிகள் உள்ளன. சுகாதார அமைச்சின் கீழுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்றாண்டு டிப்ளோமாவுக்கான விண்ணப்பம் வர்த்தமானி மூலம் கோரப்படும்; பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் கிடைக்கும். கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பேராதனை, ருகுணு, யாழ்ப்பாணம், கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் நான்காண்டுத் தாதியியல் பட்டம் உண்டு. மருத்துவத்துக்குப் போதாத இசட் புள்ளி இதற்குப் போதுமானதாக இருக்கலாம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். டிப்ளோமா முடித்துப் பணியில் சேர்ந்தவர்கள் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டத்தையும் பெற்றுக்கொள்கிறார்கள். தனியார் நிறுவனங்களில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயரோடு வழங்கப்படும் பட்டங்களைப் பற்றி மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கட்டடத்தையும் பட்டமளிப்பு விழாப் படங்களையும் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். இந்தப் பட்டத்தோடு இலங்கை தாதியர் சபையில் பதிய முடியுமா என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள், பின்னர் அதே கேள்வியைச் சபையிடமே நேரில் கேளுங்கள். படித்த நாட்டில் தாதியாகப் பணியாற்றத் தகுதி தராத பட்டத்தை வைத்துக்கொண்டு வேறொரு நாட்டின் பதிவைப் பெறுவது மிகவும் கடினம்.

உங்கள் மகளின் வயதுக்கும் தகைமைக்கும் பொருந்தும் மற்றொரு வழி ஜேர்மனி. அங்கு மூன்றாண்டுத் தாதியர் தொழிற்பயிற்சிக்கே நேரடியாகச் செல்லலாம். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு, அரச துறைக் கூட்டு ஒப்பந்தத்தின் கீழுள்ள வைத்தியசாலைகளில் முதலாம் ஆண்டிலேயே அது மாதம் 1,300 யூரோவுக்கு மேல். அங்கேயே பயிற்சி முடித்தவர், உரிய தொழிலில் இரண்டு ஆண்டுகள் பணியாற்றிய பின் மற்ற நிபந்தனைகளையும் நிறைவு செய்தால் நிரந்தர வதிவிட உரிமை கோரலாம். இது பிரித்தானியா தருவதைவிடத் தெளிவான பாதை. ஆனால் விலை மொழியில் இருக்கிறது. பயிற்சியில் சேரவே ஜேர்மன் மொழியில் பி1 எனும் இடைநிலை மட்டம் வேண்டும்; இங்கே படித்த தாதியாகச் சென்று அங்கீகாரம் பெறுவதானால் பெரும்பாலும் அதற்கு அடுத்த பி2 மட்டம். நோயாளியின் வலியை வேற்று மொழியில் கேட்டு, குறித்து, அடுத்த நேரப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டிய தொழில் இது என்பதால் அந்த நிபந்தனையை நான் நியாயமானதாகவே கருதுகிறேன். கொழும்பு கோதே நிறுவனத்தில் முதல் மட்ட வகுப்பில் மகள் சேர்ந்து பார்க்கட்டும். மொழி அவருக்குப் பிடிக்கிறதா என்பது ஒரு தவணைக்குள் தெரிந்துவிடும், அதற்கு நகைகள் தேவைப்படாது.

அவுஸ்திரேலியாவை நேரடியாகக் குறிவைத்தால் என்கிளெக்ஸ் எனும் கணினிவழித் தாதியர் பரீட்சையும் அடிலெய்டில் நடக்கும் செய்முறைப் பரீட்சையும் எழுத வேண்டும். பிரித்தானியா, அயர்லாந்து, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் பதிந்து குறைந்தது 1,800 மணித்தியாலங்கள் பணியாற்றியவர்களுக்கு 2025இல் விரைவான பாதையொன்று திறக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் தாதியர் தொழில், ஆள் பற்றாக்குறை உள்ளதென்று அரசே முன்கூட்டி ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஆண்டுக்கு வழங்கப்படும் குடிவரவு வீசாக்களுக்கு உச்சவரம்பு இருப்பதால், வேலை கையில் இருக்கும் தாதியரும் வரிசையில் காத்திருக்கிறார்கள். தேவை ஒரு பக்கமும் அனுமதி மறு பக்கமும் நிற்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. வளைகுடா நாடுகள் விரைவாக எடுக்கும், அனுபவம் தரும், நிரந்தரமாக இருக்கவிடா. ஜப்பானின் குறித்த திறன் வீசாவில் பராமரிப்பாளராகச் செல்வோர் பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரையே தங்கலாம், குடும்பத்தை அழைக்க முடியாது. அங்கிருந்தபடியே பராமரிப்புத் தொழிலுக்கான தேசியப் பரீட்சையில் சித்தியடைந்தால் மட்டும் நிலை மாறும்.

உங்கள் தமையனாரின் மகனை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்புவது பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். உயர்தரத்தில் இரண்டு சீ (திறமைச் சித்தி), ஒரு எஸ் (சாதாரண சித்தி) என்ற ஆகக் குறைந்த பெறுபேறு உரிய பாடங்களில் அவரிடம் இருக்கிறதா, அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா என்பவற்றைப் பணம் கட்டுமுன் உறுதி செய்ய வேண்டும். திரும்பி வந்தால் சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்த பிறகே உள்ளகப் பயிற்சி. “அங்கிருந்தே பிளாப் எழுதி இலண்டன் போய்விடுவான்” என்ற கணக்கும் இப்போது ஆபத்தானது; பிளாப் என்பது வெளிநாட்டில் படித்த வைத்தியர்கள் பிரித்தானியாவில் பதிவதற்கான பரீட்சை. சிறப்புப் பயிற்சி இடங்களில் தம் நாட்டுப் பட்டதாரிகளுக்கே முன்னுரிமை என்று பிரித்தானிய அரசு 2025 ஜூலையில் அறிவித்துவிட்டது.

முகவர்களைப் பற்றி. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா, குறித்த வேலைக்கான அனுமதி அந்த நிலையத்துக்கு உண்டா என்பதைப் பத்தரமுல்லையிலுள்ள பணியகத்தில் சரிபாருங்கள். பிரித்தானியாவில் அனுசரணை உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசு இணையத்தில் வெளியிடுகிறது. பெயர் அதில் இல்லையென்றால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. வீசாவுக்காகத் தொழில்வழங்குநர் வழங்கும் அனுசரணைச் சான்றிதழுக்கான கட்டணத்தைத் தொழிலாளியிடம் அறவிடுவதை அந்நாடு தடை செய்திருக்கிறது. ஆகவே “அனுசரணைக்கு இவ்வளவு இலட்சம்” என்று கேட்பவர் விதியை மீறுபவராகவோ பொய் சொல்பவராகவோதான் இருக்க முடியும். மகளின் கடவுச்சீட்டையும் மூலச் சான்றிதழ்களையும் எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கடைசியாக, இங்கே இலவசமாகப் படித்துவிட்டுப் பிள்ளை வெளியேறுவது சரியா என்று நீங்கள் தயக்கத்தோடு எழுதியிருந்தீர்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் தாதியர்களும் பெருமளவில் வெளியேறியதை நம் விடுதிகள் இன்னும் உணர்கின்றன. தமிழில் நோயாளியோடு பேசக்கூடிய தாதியரின் தேவை வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் மட்டுமல்ல, கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் உண்டு. தீவிரப் பற்றாக்குறையுள்ள நாடுகளென உலக சுகாதார ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட 55 நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாததால், வெளிநாடுகள் இங்கிருந்து ஆள் சேர்ப்பதற்கு அந்தப் பட்டியல் தடையாக இல்லை. போவதும் இருப்பதும் மகளின் உரிமை. ஆனால் அரச கல்லூரியில் சேரும்போது கைச்சாத்திடும் உடன்படிக்கையில் சேவைக் காலம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசித்து, அதை நிறைவேற்றிவிட்டே அவர் புறப்பட வேண்டும். அந்த ஆண்டுகளின் விடுதி அனுபவத்தைத்தான் வெளிநாட்டுத் தொழில்வழங்குநர்களும் முதலில் கேட்பார்கள்.

அடுத்த சந்திப்புக்கு மகளையும் அழைத்து வாருங்கள். உயர்தரப் பெறுபேற்றுத் தாள், சாதாரண தர ஆங்கிலப் பெறுபேறு, முகவர் நிலையம் தந்த துண்டுப்பிரசுரம் ஆகிய மூன்றையும் கொண்டு வந்தால், எந்தக் கற்கைநெறிக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பதை அன்றே எழுதி முடித்துவிடலாம்.